கணுவும் காதும்

உங்கள் தம்பியை இன்று அங்கன்வாடியில் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார்கள், எடையும் போட்டார்கள். வயதுக்கேற்ற எடைதான், அட்டையில் பச்சைக் கோட்டுக்குள் இருக்கிறான் என்று டீச்சர் சொன்னதும் நீங்கள் இருவரும் கைதட்டினீர்கள். தாத்தா நான் மட்டும் வாசலுக்குப் போய் நின்றுவிட்டேன். அவன் தலையில் உங்கள் அம்மா அப்பியிருந்த விளக்கெண்ணெய் வாசனை எனக்கு ஒரு தடியை நினைவுபடுத்திவிட்டது.

கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் தெருவில் பிள்ளைகளின் வளர்ச்சியை அளந்தவர் மிராசுதாரின் காரியக்காரர். பண்ணைக்கு ஆள் பிடிப்பதும் ஆளை அடிப்பதும் அவர் வேலை. விளக்கெண்ணெய் பூசிப் பூசிக் கறுத்த மூங்கில் தடி ஒன்று வைத்திருப்பார். அதன் நடுக் கணுவுக்கு எவன் தலை எட்டுகிறதோ அவன் மறுநாளிலிருந்து பண்ணை மாடு மேய்க்க வேண்டும். எடையை யார் பார்த்தார்கள்? சாணிக்கூடை தூக்கினால் சரி.

பள்ளிக்கூடத்திலும் தராசு கிடையாது. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டால் சேர்த்துக்கொள்வார்கள். ஆக, எனக்குக் காது முதலில் எட்டுமா, கணு முதலில் எட்டுமா என்பதுதான் அம்மாவின் கவலை. வெறும் கஞ்சி குடித்து நான் ஏன் அப்படி நெட்டையாக வளர்ந்தேனோ! கை மட்டும் குட்டை. தினமும் காலையில் என் கையைப் பிடித்து இழுத்துவிடுவாள், இழுத்தால் நீளும் என்பதுபோல. நானும் நம்பினேன்.

"காரியக்காரரு வந்தா முட்டிய மடக்கி நில்லுடா."

"வலிக்குதும்மா."

"மாட்டுக்குப் பின்னால ஓடினா தெரியும் வலி."

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுத் தெருவே வேலைக்குப் போகாமல் நின்ற அறுவடைக் காலம் வந்தது. மெட்ராசில் ஆட்சி மாறிவிட்டது, இனி நம் காலம் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு பகலில் காரியக்காரர் அடியாட்களோடு வந்தார். அப்பாவை வாசலிலேயே தள்ளி மிதித்தார்கள். வாயிலிருந்து மண்ணும் ரத்தமுமாக வந்தது. பிறகு என்னைத் தடியோரம் நிறுத்தினார். முட்டியை மடக்கினேன்.

"நிமிருடா நாயே!"

தடி முட்டியில் விழுந்தது. துள்ளி நிமிர்ந்தேன். தலை கணுவைத் தாண்டியது.

"அப்பன் வேலைக்கு வரலன்னா மவன் வரட்டும். நாளைக்கு மாட்டுக்கொட்டாய்ல நிக்கணும்."

"அவன் பள்ளிக்கூடம் போவப் போறான்," என்று அம்மா தடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, கலெக்டராவப் போறானா?"

அவள் விடவில்லை. அவர் தடியை உருவி ஓங்கி அடித்தார். கரும்பு முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. முறிந்தது அம்மாவின் வலது கை. அதற்குள் பெண்கள் அரிவாளோடு வந்துவிட்டார்கள். ஓர் அடியாளின் தோள் பிளந்தது. காரியக்காரர் தடியைப் போட்டுவிட்டு வாய்க்காலில் விழுந்து எழுந்து ஓடினார். பக்கத்து வீட்டு அக்கா அந்தத் தடியையே பிளந்து, துணி சுற்றி, அம்மாவின் கைக்கு வைத்துக் கட்டினாள்.

மறுநாள் அந்தக் கட்டோடு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனாள். என் விரல் காதைத் தொடவில்லை.

"அடுத்த வருஷம் கூட்டிட்டு வாம்மா," என்றார் வாத்தியார்.

"அதுவரைக்கும் இவன விட்டுவைக்க மாட்டாங்க சார்."

அவர் அவள் கையைப் பார்த்தார், வீங்கிய என் முட்டியைப் பார்த்தார். "பேரு என்னடா?" என்றார்.

பண்ணையின் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். தடியால் பிள்ளைகளை அளப்பவர்கள் இல்லை. அம்மாவும் இல்லை. அவளுடைய வலது கை அப்புறம் தோளுக்கு மேல் எழவே இல்லை. பள்ளிக்கூடம் கிளம்பும்போது இடது கையால்தான் எனக்குத் தலை வாரிவிடுவாள். வகிடு கோணிக்கொண்டே போகும். இப்போது நானே வாரிக்கொள்கிறேன், நேராக விழுகிறது.