சுவருக்கு அந்தப்பக்கம் கேட்ட 'டக்'

சாயங்காலச் செய்தி ஆரம்பிக்கிற நேரத்துக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் 'டக்' என்று கேட்கும். கொஞ்சம் விட்டு இன்னொரு 'டக்'. ஓரின் மேடக்ஸ் அப்படியே சாப்பாட்டை நிறுத்திவிடுவான்.

அமெரிக்காவில், கென்டக்கி மலையடிவாரத்தில் ஒரே கூரைக்குக் கீழே ரெண்டு வீடு. நடுவே ஒரு சுவர், அதுவும் அட்டைக்கு அண்ணன். இந்தப்பக்கம் ஓரினும் அவன் பெண்டாட்டி நேடீனும். அந்தப்பக்கம் டெல்பர்ட் ஸ்லோன், மர ஆலையில் வேலை பார்க்கிற ஒண்டிக்கட்டை. நேடீனின் சாய்வு நாற்காலி அந்தச் சுவரில்தான் முதுகை வைத்திருந்தது.

அது என்ன சத்தம் என்று ஓரினுக்கு யாரும் சொல்ல வேண்டாம். காலித் துப்பாக்கியின் விசையை இழுக்கிற சத்தம். சுரங்க லாரி மெக்கானிக் வேலையை விட்ட பிறகு, சர்ச்சின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை துப்பாக்கி வகுப்பு எடுத்தவன் அவன். சட்டைக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நடமாட அப்போது பர்மிட் வேண்டும். பர்மிட்டுக்கு வகுப்பு வேண்டும். வந்தவர்களிடம் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வான்.

"காலித் துப்பாக்கிய வச்சு வீட்டுல பழகு, தப்பில்ல. ஆனா முடிச்சுட்டுத் தோட்டாவத் திரும்பப் போட்டியா, எந்திரிச்சுப் போயிடு. அன்னிக்கு அதத் தொடாத. இன்னும் ஒரே ஒரு தடவைன்னு கை போகும். சாவு அந்த ஒரு தடவையிலதான் உக்காந்திருக்கு."

அப்புறம் பர்மிட்டே தேவையில்லை என்று சட்டம் மாறியது. சனிக்கிழமை நாற்காலிகளை விரித்து, காபி போட்டு வைப்பான். காபி ஆறிப் போகும். ஒருத்தரும் வரமாட்டார்கள்.

ஒருநாள் வேலியோரம் டெல்பர்ட்டை நிறுத்தினான்.

"தினம் பழகுறியே, எதப் பாத்துக் குறி வைக்கிற?"

"டிவியில செய்தி வாசிக்கிறவன் நெத்தியத்தான். அவன் மூஞ்சியே எனக்கு ஆகல."

"டிவி எந்தச் செவுத்துல இருக்கு?"

டெல்பர்ட் சிரித்தான். "உன் பொண்டாட்டி முதுகுக்குப் பின்னாடிதான். பதறாதய்யா, காலித் துப்பாக்கி."

"சனிக்கிழமை வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போ. காசெல்லாம் வேண்டாம்."

"வரணும்னு சட்டம் சொல்லுதா?"

"இல்ல."

"பர்மிட் வேண்டாங்கிற சட்டத்துக்காக சர்ச் விருந்துல பேப்பர் சுத்தி வந்துச்சே, மொதக் கையெழுத்து யாரு போட்டது? உரிமைக்கு எதுக்குடா அனுமதின்னு மேசையத் தட்டினது யாரு? நான் பாட்டுக்கு பீன்ஸ் தின்னுக்கிட்டிருந்தேன் சாமி."

போட்டது ஓரின்தான். உரிமை உரிமைதான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறான். கட்டாயப்படுத்தாவிட்டாலும் ஆட்கள் தானாக வருவார்கள் என்று நம்பியிருந்தான், அவ்வளவுதான்.

நேடீனிடம் நாற்காலியைத் தள்ளிப் போடச் சொன்னான். தைத்துக்கொண்டிருந்த ஒட்டுத்துணிப் போர்வையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"வெளிச்சம் இங்கதான் விழுது. நீ வேணா உன் காதத் தூக்கி வேற எடத்துல வையி."

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் அவனைப் பிடித்துக்கொண்டது. கேட்டால் பயமில்லை, நின்றால்தான் பயம். 'டக்' கேட்கிறவரை துப்பாக்கி காலி. நின்றுவிட்டால் தோட்டா உள்ளே போகிறது என்று அர்த்தம். டெல்பர்ட்டின் நாற்காலி கிறீச்சிட்டு, அவன் அடுப்படிப் பக்கம் நடக்கிற ஓசை வந்த பிறகுதான் ஓரின் வாயிலிருப்பதை விழுங்குவான்.

மான் வேட்டை தொடங்கின வாரம், நல்ல மழை. 'டக்'. 'டக்'. நின்றது.

நாற்காலி கிறீச்சிடவில்லை. நடை ஓசையும் இல்லை. டிவி மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சுவரே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போலிருந்தது.

"நேடீன், எந்திரி."

"இந்த வரிசை முடியட்டும்."

"எந்திரிடி!"

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் அப்படிக் கத்தினதில்லை. கையில் ஊசியோடு, திட்டுவதற்கென்றே எழுந்து அவனைப் பார்த்து வந்தாள்.

வெடித்தது.

நாற்காலி முதுகில், தலை சாய்க்கிற இடத்தில், பஞ்சு பிதுங்கி நின்றது. அந்தப்பக்கம் டிவி செத்துப்போயிருந்தது. சுவர் ஓட்டை வழியாக டெல்பர்ட்டின் குரல் வந்தது, சின்னப்பிள்ளை குரல் மாதிரி.

"ஒரே ஒரு தடவைதான் ஓரின்... ஒரே ஒரு தடவைதான்..."

ஷெரிஃபின் ஆள் வந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனான். டெல்பர்ட் தங்கச்சி வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. அந்த வீடு பூட்டியே கிடக்கிறது. ஓட்டையை ஓரின் பூசிவிட்டான். நாற்காலியைத் தைக்கவில்லை. பயிற்சியைக் கட்டாயமாக்கணுமா வேண்டாமா என்று சர்ச்சில் பேச்சு வந்தால், "எங்க வீட்டு நாற்காலியில வந்து உக்காந்து பேசு" என்பான். இதுவரை ஒருத்தரும் உட்காரவில்லை.

செய்தி நேரம் வந்தால் நேடீன் தானாக எழுந்து அடுப்படியில் போய் நின்றுகொள்கிறாள். போன வாரம் அங்கிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"உனக்கும் அந்த 'டக்' கேக்குதா?"

ஓரின் பூட்டிக் கிடக்கிற வீட்டுப்பக்கம் காதை வைத்தபடியே இருந்தான்.

"கேக்குறவரைக்கும் பரவாயில்ல," என்றான்.