எல்லாவற்றுக்கும் தியாசா

சுண்டானீஸ் என்றதும் சூடான் நாட்டு மொழி என்றுதானே நினைத்தீர்கள்? பரவாயில்லை, இங்கே அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். "சூடான்லயே அரபிதானம்மா பேசுறாங்க, அப்புறம் ரெண்டையும் எதுக்கு கம்பேர் பண்ற?" என்று, நான் அரபியையும் சுண்டானீஸையும் ஒப்பிட்டு ஆராய்வதைக் கேட்ட ஒரு அங்கிள் சொன்னார். அது இந்தோனேஷியா, ஜாவா தீவின் மேற்குப் பக்கம், கோடிக்கணக்கில் பேசுகிறார்கள் என்று சொன்னேன். அவர் கவலை இன்னும் அதிகமானது. பக்கத்திலிருந்த ஆன்ட்டி இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா என்றார். நான் புளியோதரையை வாய் நிறைய வைத்துக்கொண்டேன்.

பிஸ்கட்டவேயில் மொழியியல் பிஎச்டி, மூன்றாம் வருடம். ஒன்று பலவாகும்போது சொல்லின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. தமிழில் நாம் சொல்லின் வாலில் ஒரு 'கள்' ஒட்டிவிட்டுக் கிளம்பிவிடுவோம். அரபியில் கிதாப் என்றால் புத்தகம், நிறைய இருந்தால் குதுப். உள்ளே புகுந்து உயிரெழுத்தையே கழற்றி மாட்டுகிறார்கள். சுண்டாவில் புடக் என்றால் குழந்தை, கூட்டமாக வந்தால் பருடக். நடுவில் ஓர் 'அர்' ஏறி உட்கார்ந்துவிடும். சொந்தமோ பந்தமோ இல்லாத இரண்டு மொழிகள் இப்படி உள்ளே கைவிடுவதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைச் சொல்ல ஆள்தான் இல்லை. சன்னிவேலில் இருக்கும் காலேஜ் தோழி ஆபீஸ் ஷட்டில் ஏறும் வரைதான் பேசுவாள். கோயமுத்தூரிலிருந்து அம்மா, சாப்பிட்டாயா என்பதைத் தாண்டி வரமாட்டார்.

அதனால் எனக்கு சனிக்கிழமைதான் எல்லாம். பதினோரு மணிக்கு எங்கள் அபார்ட்மென்ட் சமையலறையில் மூன்று பேர். ஒருத்தி என் ரூம்மேட், மேற்கு ஜாவாவில் பாண்டுங் பக்கத்துப் பெண், உணவு அறிவியல் படிக்கிறாள், வீட்டில் சுண்டா பேசி வளர்ந்தவள். இன்னொருத்தி கெய்ரோக்காரி, மேல்மாடி, பார்மசி படிப்பு. நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அவரவர் மொழியில் வாக்கியம் கட்டிக்கொண்டு வருவேன். இப்படிச் சொல்வீர்களா மாட்டீர்களா என்று கேட்டு, பட்டியலில் சரிக்குப் பச்சை, தப்புக்குச் சிவப்பு டிக் போடுவேன். பேச்செல்லாம் ஆங்கிலத்தில், ஆனால் என் ஞாபகத்தில் அது தமிழாகத்தான் ஓடுகிறது.

கெய்ரோக்காரிக்கு எதைக் கேட்டாலும் தப்பு. ஐந்து நிமிடம் முன்னால் அவளே அவள் அம்மாவிடம் போனில் சொன்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னால், நான் அப்படிச் சொல்லவே இல்லை, அது தெருப்பேச்சு, புத்தகத்தில் வேறு மாதிரி என்று அடித்துப் பேசுவாள். நாங்கள் கத்துவோம். பிறகு அவள் என் காபியையும் எடுத்துக் குடிப்பாள். ரூம்மேட் நேர் எதிர். எதைக் கேட்டாலும் ஒரு நிமிடம் யோசித்து, சிரித்து, "தியாசா" என்பாள். முடியும், சொல்லலாம் என்று அர்த்தம். நம் 'பாட்டு' என்ற சொல்லின் கடைசியில் வாயைக் குவிக்காமல் ஓர் உகரம் வருமே, கிட்டத்தட்ட அதே சத்தம் சுண்டாவிலும் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அதற்குத் திண்டாடுவார்கள். நான் முதல் நாளே சொன்னேன். அவள் கைதட்டினாள். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

மே மாதம் கெய்ரோக்காரி வேலை கிடைத்து டெக்சஸ் போய்விட்டாள். சனிக்கிழமை இரண்டு பேரானது.

அப்புறம்தான் என் ஆராய்ச்சி வழிகாட்டி அந்தப் பட்டியலைப் பார்த்தார். அரபிப் பக்கம் முழுக்கச் சிவப்பு, சுண்டா பக்கம் முழுக்கப் பச்சை. இத்தனை வாக்கியத்தில் ஒன்றுகூடவா தப்பாக வராது, அடுத்த வாரம் வேண்டுமென்றே குப்பையாக எழுதிக் கேட்டுப் பார் என்றார்.

எழுதினேன். சொற்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டுப் பத்து வாக்கியம். 'சோறு நேற்றை அம்மாவால் மேல்' என்கிற ரகம். முதலாவதுக்கு தியாசா. நாலாவதுக்குக் கொஞ்சம் தயங்கி தியாசா. பத்தாவதுக்கும் தியாசா.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இது வாக்கியமே இல்ல. சும்மா கலைச்சுப் போட்டேன். நீ எனக்குப் பொய் சொல்லிட்டிருக்க."

அவள் காது வரை சிவந்துவிட்டாள். "நீ எங்க பாஷைய இவ்ளோ கஷ்டப்பட்டு எழுதிட்டு வர்ற. அத மூஞ்சிக்கு நேரா எப்படித் தப்புன்னு சொல்றது?"

"ஏழு மாசம் வேஸ்ட். உன்னால."

கொங்கு நாட்டில் ஒருவர் 'பாத்துக்கலாங்க' என்றால் அது நடக்காது என்று அர்த்தம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பாதி இந்தப் பாத்துக்கலாங்கவில்தான் நின்றது. அந்த ஊரில் வளர்ந்த எனக்கு, 'இல்லை' என்று சொல்லாத 'இல்லை' தெரியாதா? தெரியும். அவள் தியாசாவிலும் அது இருக்கலாம் என்றுதான் தோன்றவில்லை. பச்சை டிக் வரும்போது யார் நிறுத்தி யோசிப்பார்கள்? உண்மையில் வாரத்தில் ஒருத்தராவது என்னைப் பார்த்துச் சரி என்று சொல்வது எனக்கு வேண்டியிருந்தது. ஆராய்ச்சிக்கு இல்லை, எனக்கு.

திங்கட்கிழமை சமையலறை மேடையில் ஒரு கவர் இருந்தது. நான் இதுவரை கேட்ட எல்லா வாக்கியமும், நானே பிரின்ட் எடுத்து அவளுக்குக் கொடுத்த தாள்கள். பென்சிலால் ஒவ்வொன்றாகத் திருத்தியிருந்தாள். மூன்றில் ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் காரணம், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும். தரமான வேலை. என் வழிகாட்டி பார்த்துவிட்டு, இப்போதுதான் இது ஆராய்ச்சி என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்து, பரவாயில்லை, இனிமேல் எழுதி வைத்துவிடு, நான் திருத்தி வைக்கிறேன், உனக்கும் நேரம் மிச்சம் என்றாள். மிக மரியாதையாகச் சொன்னாள். அந்த உகரத்துக்குக் கைதட்டினாளே, அதுவும் மரியாதைக்குத்தானா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டெக்சஸுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். "நீ பண்ணதுதான் தப்பு" என்றாள் கெய்ரோக்காரி, எடுத்த எடுப்பில். கொஞ்சம் நன்றாக இருந்தது. பிறகு அவளுக்கு டியூட்டி வந்துவிட்டது.

கவர்கள் வாரா வாரம் தவறாமல் வருகின்றன. தாள் தெளிவாக இருக்கிறது, சனிக்கிழமை உட்கார்ந்து சந்தேகம் கேட்கக்கூட இடம் வைப்பதில்லை.

இன்று சனிக்கிழமை, மணி பதினொன்று இருபது. அவள் சமையலறையில் அரிசி கழுவுகிறாள், நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதை டைப் செய்கிறேன்.