உப்பேறிய வயலுக்கு ஒரு நெறியாளர்

தியார்ட்டை முதலில் பார்த்தபோது, குழாய் ரிப்பேருக்கு வந்தவன் என்றுதான் எங்கள் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் எல்லோரும் நினைத்தோம். சேறு காயாத ரப்பர் பூட்ஸ், கக்கத்தில் நீளமான பிளாஸ்டிக் குழாய். குழாய்க்குள் இருந்தது அவன் அப்பாவின் வயல் மண்.

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் கடல் அணையை ஒட்டிய அந்த வயலில் அடியிலிருந்து உப்பு ஏறி, மூன்று வருடமாக உருளைக்கிழங்கு சரியாக விளையவில்லை. அந்த வீட்டில் முதல் பட்டதாரி தியார்ட். அப்பா அவனிடம் கேட்டது ஒன்றுதான்.

"படிச்சவன் நீ. இந்த நிலம் தேறுமா, வித்துடட்டுமா?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் முனைவர் பட்ட ஆய்வுக்குக் கிளம்பினான். முன்னூறு வருடத்துக்கு முன் கடல் புகுந்தபோது அதே வயல் எப்படி மீண்டது என்று ஊர்ப் பாதிரியார் ஒருவர் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். மண்ணிலும் அந்த உப்பின் தடம் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நெறியாளர் வேண்டும்.

வரலாற்றுப் பேராசிரியை விகர்ஸ்மா ஒரு காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் வைத்தார்.

"நேராவே சொல்லிடறேன் தம்பி. மண்ணைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. மூணாவது மாடிக்குப் போ."

மூன்றாவது மாடியில் மண்ணியல் பேராசிரியர் ஹாவிங்கா கையை விரித்தார்.

"பழைய கையெழுத்தெல்லாம் எனக்கு ஆகாதுப்பா. கீழ விகர்ஸ்மா மேடத்தைக் கேளு."

"அங்கேருந்துதான் சார் வர்றேன்."

"அப்ப மாடிப்படி பழகியிருக்கும்."

பெல்ஜியம், டென்மார்க், ஜெர்மனி என்று ஒன்பது பேருக்கு எழுதினான். எட்டுப் பேர் மரியாதையாகப் பக்கத்துத் துறையைக் காட்டினார்கள். ஒருவர் சம்மதித்தார், மண்ணை விட்டுவிடுவதானால். விட்டால் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? முடியாது என்று எழுதிவிட்டான்.

மறுநாள் மண் குழாயை விகர்ஸ்மாவிடமும், குறிப்பேட்டின் நகலை ஹாவிங்காவிடமும் கொண்டுபோய் வைத்தான். "ஒரு வாரம் உங்ககிட்டயே இருக்கட்டும். அப்புறமும் வேணாம்னா எடுத்துட்டுப் போயிடறேன்."

ஐந்தாம் நாள் ஹாவிங்கா கீழே இறங்கி வந்தார்.

"லென்ஸ் வெச்சுப் படிச்சேன் மேடம். ஒன்பது வருஷம் பார்லி முளைக்கலையாம்."

விகர்ஸ்மா மண் குழாயைக் காட்டினார். "இங்க பாருங்க, நடுவுல ஒரு சாம்பல் கோடு. அந்த உப்போட தடம் இதுதானா?"

ஹாவிங்கா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இருக்கலாம். நான் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்டு. முதல் நெறியாளரா நீங்க கையெழுத்துப் போடுங்க."

"மண்ணுல தப்பு வந்தா?"

"திட்டு வாங்க நான் இருப்பேன்ல."

விகர்ஸ்மா கையெழுத்திட்டார். ஆனால் அப்பாவால் காத்திருக்க முடியவில்லை. அந்த இலையுதிர்காலத்திலேயே பாதி வயலை விற்றுவிட்டார்.

தியார்ட் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறான். மீதி வயலில் மாதம் ஒருமுறை மண் எடுக்கிறான். அப்பாவுக்குச் சொல்ல இன்னும் பதில் கிடைக்கவில்லை.