பிடரியில் ஊற்றிய நீர்

எழுபதுகளில், சங்குமுகம் கடற்கரைச் சாலையில், உணவக ஊழியர் ஒருவர் தலையில் ஈரத்துண்டு கட்டி உச்சிவெயிலில் தனியே ஓடிப் பழகுவார். மெலிந்து கறுத்த உடல். அவ்வழியே நடந்துபோகும் என்னை ஒருநாள் நிறுத்தினார்.

“சாரே, ஞாயித்துக்கிழமை பந்தயம். எல்லாருக்கும் வழியில தண்ணி ஊத்த ஆளுண்டு, எனக்குத்தான் இல்ல. போன தடவை சூடு தாங்காம விழுந்துட்டேன். இந்தத் தடவை ஜெயிக்கணும். நீங்க வருமோ?”

ஞாயிறன்று வாளியும் செம்புமாகச் சாலையோரம் நின்றேன். இரண்டாமவராக ஓடிவந்த அவர் என்னைக் கண்டதும் நின்று தலைகுனிந்தார். பிடரியில் நீரூற்றினேன், முதுகு சிலிர்த்தது. மூவர் அவரைக் கடந்து சென்றனர்.

“ஓடுங்கள் ஐயா!” என்று பதறினேன்.

“போகட்டும் சாரே. இன்னும் ஒரு செம்பு ஊத்துங்க,” என்றார், கண் திறவாமலே.

வாளி வெறுமையாகும் வரை அவர் அசையவில்லை. அவ்வளவு நீரும் வெப்பத்தைத் தணிக்கத்தானா என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.