பெட்டிகளைத் தட்டிய கை

அண்ணனின் வலது கை விரல் முட்டிகள் எப்போதும் சிராய்த்தே இருக்கும். ஒரு காயம் காய்ந்து பக்குக் கட்டுவதற்குள் அதன்மேல் இன்னொன்று விழுந்துவிடும். சாயங்காலம் வீடு திரும்பியதும் அம்மா அவனை வாசற்படியில் உட்காரவைத்து, வெந்நீரில் துணியை நனைத்து, துருவும் கரியும் போகத் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவாள். அவன் கையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். வலிக்கிறதா என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. "இன்னிக்கு உள்ள யாருனா இருந்தாங்களா நைனா?" என்றுதான் கேட்பாள். "யாரும் இல்லம்மா" என்பான். அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் அவள் எழுந்து அடுப்படிக்குப் போவாள்.

திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், நாள் முழுக்க நகராமல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அந்த இரும்புப் பெட்டிகளைத் தாண்டாமல் நாங்கள் பள்ளிக்கூடமோ, மாதா கோயில் பூசையோ, ரேஷன் கடையோ போனதில்லை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து, நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனார். அண்ணன் பன்னிரண்டாவது முடித்ததும் பெட்டிகளை இறக்கி அடுக்கும் ஒரு யார்டில் சேர்ந்தான். நல்ல வேலைக்காரன். கேலி பேசுவதில் எங்கள் சந்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. தன் முதல் போனஸில் எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தந்தவன், அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கடற்கரை மணலில் என்னை எத்தனையோ தடவை விழவைத்துச் சிரித்தான்.

ஒரு நாள் வேலையிலிருந்து பாதியில் திரும்பி வந்து, ஒரு பெட்டிக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டதாகச் சொன்னான். யார்டில் அதைத் திறந்தே காட்டியிருக்கிறார்கள். உள்ளே தரைக்குப் போடும் ஓடுகள். அவன் நம்பவில்லை, ஆளை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டார்கள் என்றான். பிறகு தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று, வேலையும் போயிற்று. வீட்டில் எந்தக் கதவையும் சாத்தவிட மாட்டான். குளியலறைக் கதவைக் கழற்றிவிட்டு அம்மா தன் பழைய புடவை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டாள். அரசு மருத்துவமனையில் மாத்திரையும் மாதம் ஒரு ஊசியும் கொடுத்தார்கள். அதில் அவன் மெல்ல எங்களிடம் திரும்பி வந்தான். குளித்தான், சாப்பிட்டான், சில நாள் பழைய மாதிரி கேலிகூடப் பேசினான். பெட்டிகளுக்குள் ஆள் இருக்கிறார்கள் என்ற எண்ணம் மட்டும் போகவே இல்லை.

அதனால் தினமும் காலையில் கிளம்பிப் போய், நிற்கிற லாரிகளின் ஓரமாகவே நடந்து, ஒவ்வொரு பெட்டியையும் தட்டிப் பார்ப்பான். தட்டிவிட்டு இரும்பில் காதை வைப்பான். "உள்ள யாருனா கீறீங்களா?" என்று கேட்டு, பதிலுக்கு நேரம் கொடுத்து நிற்பான். பிறகு அடுத்த பெட்டி. ஆரம்பத்தில் டிரைவர்கள் திட்டினார்கள். வழக்கமாக வருகிறவர்களுக்குப் போகப் போகப் பழகிவிட்டது. டீ வாங்கிக் கொடுப்பார்கள். நெல்லூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர், அண்ணன் தட்டிப் பார்க்காமல் தன் லாரியைத் துறைமுகத்துக்குள் கொண்டுபோக மாட்டார். சிக்னல் அருகே நிற்கும் வயதான ஏட்டையாவும் அவனை அறிவார். வெயில் ஏறினால் அவரே கையைப் பிடித்து நிழலில் உட்காரவைப்பார். அந்தக் காலத்தில் அண்ணனுக்குக் காக்கிச் சட்டையிடம் பயம் என்று ஒன்று கிடையாது.

ஏட்டையா ஓய்வுபெற்றுப் போனார். அந்தச் சமயத்தில்தான் நிற்கிற லாரிகளில் பெட்டிகளின் முத்திரையை உடைத்துச் சரக்குத் திருடுவது அதிகமாகி, போலீஸுக்கு மேலிடத்திலிருந்து நெருக்கடி என்று பேசிக்கொண்டார்கள். ஸ்டேஷனுக்குப் புதிதாக ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். நடந்ததை முதலிலிருந்து பார்த்தவர், எங்கள் எதிர்வீட்டு ஆட்டோ மாமா. மத்தியான நேரம். ஜீப் வந்து நின்றபோது அண்ணன் ஒரு பெட்டியில் காதை வைத்திருந்தான். சப் இன்ஸ்பெக்டர் இறங்கி, யார் நீ, என்ன செய்கிறாய் என்று அதட்டினார். அண்ணன் திரும்பாமலே, சத்தம் போட வேண்டாம் என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். உள்ளே யாராவது முனகினால் கேட்காமல் போய்விடுமே என்று அப்படிச் செய்திருப்பான். முதல் அடி கெண்டைக்காலில் விழுந்தது. ஆட்டோ மாமா ஓடிப்போய், சார், அவன் மனசு சரியில்லாத பையன், ஊரே அறியும் என்று கத்தியிருக்கிறார். அவரையும் நெட்டித் தள்ளினார்கள். சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். பின்னால் நாங்கள் போய்க் கேட்டபோது எல்லோருமே அதை அழித்துவிட்டிருந்தார்கள்.

நான் தண்டையார்பேட்டையில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தேன். செய்தி கேட்டு நான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அம்மா வெளி வராந்தாவில் மருத்துவமனைச் சீட்டைக் கையில் விரித்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். வருகிற போகிற ஒவ்வொருவரிடமும் அதை நீட்டினாள். ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லாத் திருடனும் இப்படி ஒரு சீட்டு வைத்திருக்கிறான் என்று திருப்பிக் கொடுத்தார். எங்களை ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து இரும்பைத் தட்டுகிற சத்தம். தட்டும், நிற்கும், மறுபடி தட்டும்.

"நைனாதான்" என்றாள் அம்மா.

கதவு சாத்தின அறையில் ஒரு நிமிஷம் இருக்க முடியாதவனை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். யாரோ, நிறுத்துடா என்று கத்தினார்கள். தட்டுவது நிற்கவில்லை. மறுபடி கத்தினார்கள். பூட்டு திறக்கிற ஓசை கேட்டது. அம்மா எழுந்து உள்ளே போகப் பார்த்தாள், வாசலில் நின்றவர் குறுக்கே கையை நீட்டினார். அதற்குப் பிறகு நாங்கள் கேட்டதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கட்டத்தில் எல்லாம் ஓய்ந்துபோனது. மறுபடியும் தட்டமாட்டானா என்று நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டவில்லை.

பொழுது சாய்வதற்குள் வெளியே கூட்டிவந்தார்கள். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே வீங்கி, விரல்கள் திசைக்கொன்றாக இருந்தன. சப் இன்ஸ்பெக்டர் அம்மாவைப் பார்த்துக் குரல் உயர்த்தாமல்தான் பேசினார். "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டான். கேஸ் எதுவும் போடல, வூட்டுக்கு இட்டுகினு போம்மா."

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "எம் மவன் கதவு போட்ட பாத்ரூமுக்குள்ள போவவே மாட்டான் சார்" என்றாள். அவர் உள்ளே போய்விட்டார்.

கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. அதைவிடப் பெரிய சேதம் எங்களுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அண்ணன் வீட்டைவிட்டு இறங்கவில்லை. காக்கி நிறம் கண்ணில் பட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்வான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையனைப் பார்த்தும் ஒளிந்தான். மாத ஊசிக்கு எப்போதும் கூட்டிப்போகிற ஆட்டோ மாமாவின் சட்டையும் காக்கிதான். முதல் தடவை அவரைப் பார்த்ததும் அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அலறினான். மாமா சட்டென்று வாசலிலேயே சட்டையைக் கழற்றிச் சுருட்டி எங்கோ போட்டுவிட்டு, பனியனோடு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். "நான்தான் மாமு. உன் ஆட்டோக்காரன். சட்டை இல்ல பாரு" என்று சொல்லிக்கொண்டே அழுதார். அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் அவர் காக்கி போட்டு வந்ததே இல்லை. காக்கிச் சட்டை போடாமல் வண்டி ஓட்டியதற்காக வழியில் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள், அபராதமும் கட்டியிருக்கிறார். அதை அவர் எங்களிடம் சொன்னதில்லை, அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்.

கோயிலில் பழக்கமான ஒரு பெண் வக்கீல் சொல்லி, புகார் கொடுத்தோம். வாபஸ் வாங்கச் சொல்லி ஆள் வந்தார்கள், மிரட்டியும் பார்த்தார்கள், அம்மா அசையவில்லை. விசாரணைக்கு அழைத்த அதிகாரி ஒரு பெண். கனிவானவர் என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணனின் பயத்தைக் கேள்விப்பட்டு, சீருடையில் யாரும் அந்த அறைப்பக்கம் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். கதவையும் திறந்தே வைத்தார். யார் உன்னை அடித்தார்கள் என்று பொறுமையாக, பல விதமாகக் கேட்டார். அண்ணன் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு சொன்னான்: "அடிக்கல மேடம். நான் பொட்டியத் தட்டுவேன்ல, அந்த மாரி என்னைத் தட்டுனாங்கோ. உள்ள யாருனா கீறாங்களானு பாத்துருப்பாங்கோ."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் யாரையும் காப்பாற்ற அப்படிச் சொல்லவில்லை. நடந்ததற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே விளக்கம் அதுதான். தான் செய்கிற வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள், கொஞ்சம் பலமாகச் செய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனே அம்மாவின் பக்கம் திரும்பி, "நான் பதில் சொல்லிக்கினுதான் இருந்தேன், அவங்களுக்குக் கேக்கல" என்றான்.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. அடித்தார்கள் என்று பாதிக்கப்பட்டவரே சொல்லவில்லை, அவருடைய வாக்குமூலம் தெளிவாக இல்லை, போதிய சாட்சியமும் இல்லை. சப் இன்ஸ்பெக்டரை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி. வக்கீல் அம்மா மேல்முறையீடு செய்திருக்கிறார், அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நான் பல இரவுகள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் அண்ணனைப் பற்றி, ஓய்வுபெற்ற ஏட்டையாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். டீக்கடையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அண்ணனைப் பற்றித் தெரிந்துகொள்வது அந்தச் சாலையில் அத்தனை சுலபமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். நெஞ்சு வலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அண்ணன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டான். நான் பயந்தமாதிரி எதுவும் நடக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன், சரியென்று போட்டுக்கொண்டான். அம்மாவைக் கோயிலுக்கு எடுத்துப் போகும்போது முன்னால் நின்று ஒரு பக்கம் பிடித்தான். மடங்காத கையைக் கீழே கொடுத்து, இடது கையால் தாங்கிக்கொண்டான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவன் சந்தில் இறங்கி நடந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தவர்கள் அழுதார்கள்.

சந்து முடிகிற இடத்தில், நாங்கள் சாலையைக் கடப்பதற்காக ஒரு இளம் போலீஸ்காரர் லாரிகளை நிறுத்தி வைத்திருந்தார். தெரிந்த முகமில்லை. மழையில் நனைந்துகொண்டு நின்றவர், அம்மாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வாங்க, வாங்க என்று மரியாதையாகக் கையைக் காட்டினார்.

அண்ணன் நின்றுவிட்டான். அவன் பிடி நழுவியது. விட்டுவிடுவானோ என்று ஆட்டோ மாமா ஓடிவந்து அவனுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டார். நான் அவன் தோளைப் பற்றி, ஒன்றும் செய்ய மாட்டார் அண்ணா, வா என்று கெஞ்சினேன். ஒரு அடி எடுத்து வைத்தான். முடியவில்லை. பின்னால் கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. நீங்கள் போங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அம்மா சாலையைக் கடந்து போனாள்.

நாங்கள் இருவரும் வீட்டுக்குத் திரும்பினோம். அண்ணன் ஈரச் சட்டையோடு தரையில் உட்கார்ந்தான். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

"அம்மா தனியாவா போவுது?" என்று கேட்டான்.

"இல்லண்ணா. எல்லாரும் கூடப் போறாங்கோ" என்றேன்.

"நீ போவலியா?"

"நான் உன்கூடக் கீறேன்" என்று சொல்லி, துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினேன்.