மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே

விருத்தாசலத்தில் பீங்கான் கப் யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் சூளைக்குள் சாமான் அடுக்குவதில் அந்த நாளில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானாகச் சொல்லவில்லை, என்னிடம் தோற்றவர்களே சொல்வார்கள். ரெண்டாங்கிளாஸ் தாண்டாதவன் நான். மண் சுமந்தேன், களிமண்ணைப் பாலாகக் கரைத்து அச்சில் ஊற்றினேன், சூளையருகே நின்று வெந்தேன். அறுபதுகளின் கடைசியில் சொந்தமாக ஷெட் போட்டேன். மாடி வைத்து மெத்தை வீடும் கட்டினேன். யார் தயவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

ஊரை விட்டு வந்ததே என் சாமர்த்தியம்தான். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு பண்ணையில் அப்பா ஆளாக இருந்தார். மாடு மேய்க்க என்னையும் கொண்டுவந்து விடும்படி பண்ணைக்காரர் உத்தரவு போட்டார். மறுநாள் காலை, டவுனுக்கு நிலக்கடலை ஏற்றிப் புறப்பட்ட மல்லாட்டை வண்டியில் ஏறி ஒளிந்துகொண்டேன். மூட்டைகளுக்கு நடுவே என் உடம்புக்கு அளவெடுத்ததுபோல ஒரு சந்து இருந்தது. என் அதிர்ஷ்டம். வண்டிக்காரனுக்கே தெரியாமல் வந்து குதித்தேன். என் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த அத்தனை பேருக்கும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு ஆத்திரம்தான் எனக்கு. அப்பா என்னைத் தேடி வரவே இல்லை. நான் கிளாஸ் கழுவிய டீக்கடைக்குப் பின்பக்கமாக, சந்தைக்கு வரும்போது அம்மா வந்து பார்த்துவிட்டுப் போவாள். அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். என் கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. காய்ச்சல் என்றாள். பிள்ளை இருக்கிறானா செத்தானா என்று கேட்காத மனுஷன் எனக்கு எதற்கு என்று நானும் அந்தப் பக்கம் போகவில்லை. ஷெட் போட்டது, மெத்தை வீடு கட்டியது எல்லாம் அந்த ஆத்திரத்தில்தான்.

அம்மா செத்த பிறகுதான் போனேன். பண்ணைக்காரர் அதற்குப் பல வருஷம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அப்பாவுக்கு அப்போதிருந்தே புத்தி தடுமாற்றமாம். கஞ்சி ஊற்ற ஆளில்லை. பஸ்ஸில் கூட்டிவந்தேன். பாசத்தால் இல்லை. நீ தேடாத பிள்ளை எப்படி வாழ்கிறான் பார் என்று காட்டுவதற்கு.

காட்ட முடியவில்லை. மெத்தை வீட்டைப் பார்த்ததும் அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். முன்வாசல் வேண்டாமென்று பின்பக்கமாகச் சுற்றி வந்தார். என்னை "ஆண்டே" என்றார். பண்ணைக்காரரை அப்படித்தான் கூப்பிடுவார். நாற்காலி போட்டால் தரையில் உட்கார்ந்தார். என் ஷெட்டில் சுட்ட பூப்போட்ட கப்பில் தண்ணீர் கொடுத்தால் தொடமாட்டார். குனிந்து இரண்டு கைகளையும் குவித்து வாயோடு சேர்த்துக்கொண்டு, மேலிருந்து ஊற்றுவதற்காகக் காத்து நிற்பார். ஜில்லா முழுக்க என் கப்பில் குடித்தது. என்னைப் பெற்றவர் கையேந்திக் குடித்தார்.

நான்தான் உன் மகன் என்று எத்தனையோ முறை சொன்னேன். ஆண்டே கேலி செய்வதாக நினைத்துத் தலையைக் குனிந்துகொள்வார்.

மங்கலம்பேட்டையிலிருந்து ஜாடி வாங்க வந்த கடைக்கார பாய் ஒருநாள் அவரைப் பார்த்துவிட்டு, "யாருங்க பெரியவரு, உங்க ஆளா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"ஆமாங்க. இவுரு பண்ணையாளு."

பாய் தலையை ஆட்டிவிட்டு ஜாடியைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். ஷெட்டுக்குள் எவனோ சிரிப்பை அடக்கியது என் காதில் விழுந்தது. அப்பாவை இழுத்துவந்து கண்டபடி கத்தினேன். அன்றிலிருந்து அவர் சோற்றில் கை வைக்கவில்லை. மறுநாளும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

என் வீட்டுக்காரிதான் சொன்னாள்: "மவன்னு சொல்லி என்னாத்தக் கண்டீங்க? அந்த ஆண்டேயாவே சொல்லிப் பாருங்க, சாப்புடுவாரு."

போய் நின்றேன். "டேய், தின்னுடா" என்றேன். பெற்ற அப்பனை. மறுபேச்சில்லாமல் எல்லாவற்றையும் தின்றார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"அடிக்கிறதுன்னா என்னிய அடிங்க ஆண்டே. பையன் தானா ஓடல. மல்லாட்ட மூட்டய எடம் வுட்டு அடுக்குனது நாந்தான். வண்டிக்காரங்கிட்டயும் சொல்லிவெச்சேன், பின்னால திரும்பிப் பாக்காதடான்னு."

பண்ணைக்காரரின் குரலிலேயே கேட்டேன்: "இப்ப எங்கடா அவன்?"

"தெரியாதுங்க ஆண்டே. தெரிஞ்சிக்கவே கூடாதுன்னு இருக்கேன். தெரிஞ்சா, நீங்க அடிக்கிற அடி தாங்காம சொல்லிப்புடுவேன்."

அம்மா ஏன் பேச்சை மாற்றினாள் என்பது அப்போதுதான் விளங்கியது. கல்யாணத்தன்று வந்த காய்ச்சலும் விளங்கியது. அதற்காக என் உழைப்பு பொய்யாகிவிடாது. சூளையில் வெந்தவன் நான்தான். ஆனால் இத்தனை வருஷமும் யார்மேல் ஆத்திரப்பட்டு வெந்தேனோ, அந்த ஆள் இல்லவே இல்லை. பண்ணைக்காரர்மேல் ஆத்திரப்படலாம் என்றால் அவரும் போய்விட்டார். மிச்சம் இருந்த ஒரே ஆண்டே நான்.

மன்னித்துவிட்டேன் எழுந்திரு என்றேன். காலில் விழுந்தார். மறுநாள் அந்த மன்னிப்பு அவருக்கு நினைவில்லை. சாப்பாடு முடிந்ததும் மறுபடி முதுகைக் காட்டினார். அது தினமும் நடந்தது. ஷெட்டுக்குப் போகுமுன் ஒவ்வொரு காலையும் அந்த முதுகைப் பார்த்து மன்னிப்புச் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஒருநாளாவது அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

கடைசியில் படுக்கையில் விழுந்தார். தண்ணீர் கேட்டார். என் வீட்டுக்காரி கப்பை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைக் குவித்தார். நான் ஊற்றினேன். விரல் சேரவில்லை, தண்ணீர் எல்லாம் பாயில் ஒழுகிப்போனது. என்னை உற்றுப் பார்த்தார்.

"பையன் ஆப்பட்டானா ஆண்டே?"

எதிரில்தான் இருந்தேன்.

"இல்லடா. எங்க தேடியும் ஆப்படல."

என் வீட்டுக்கு வந்த பிறகு அப்பா சிரித்தது அந்த ஒரு தடவைதான்.