ஏரம்பு வைத்த சாட்சிக் கையெழுத்து

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நாள், மணி, இடம் எல்லாம் செல்வத்துரை தன் வாயால் எனக்குச் சொன்னவை. பேய் இரவில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில் நடந்தது. 1947ஆம் ஆண்டு, யூன் மாதம் பதினோராம் திகதி, புதன்கிழமை, உச்சி வெயிலில்.

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் செல்வத்துரையை எல்லோரும் ‘கோப்பிறல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். யுத்தத்தின்போது பட்டாளத்தில் சேர்ந்து, எகிப்துவரை போய், லொறிக் கொம்பனி ஒன்றில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஊருக்கு வந்து இறங்கியபோது சட்டைக் கையில், சிப்பாய்க்கு மேலான கோப்பிறல் பதவிக்குரிய இரண்டு பட்டிகள் இருந்தன. ஆனால் பட்டாளத்தை விட்டு விலகும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ‘சாதாரண சிப்பாய்’ என்று எழுதியிருந்தது. அதை அவர் ஒருவருக்கும் காட்டவில்லை. மனைவி ஐரிஸுக்குக்கூட.

காங்கேசன்துறையில் ஒரு மேற்பார்வையாளர் வேலை வந்தது. பட்டாளத்தில் கோப்பிறலாவது இருந்தவருக்குத்தான் அந்த வேலை. ஐரிஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். அவரே மனுவை எழுதிவிட்டு, “புத்தகத்தைத் தாங்கோ, சேர்த்து அனுப்புவம்” என்று கேட்டார். செல்வத்துரைக்கு வேறு வழி இருக்கவில்லை. “அதிலை ஒரு பிழை கிடக்குது. திருத்தி எடுத்துத் தாறன்” என்றார்.

கொழும்பிலுள்ள பட்டாளப் பதிவுக் கந்தோருக்கு எழுதினார். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘எங்கள் பதிவின்படி நீர் 12.10.1943 அன்று உமது சொந்த விருப்பத்தின் பேரில் கோப்பிறல் பதவியை விட்டுச் சிப்பாயாகியிருக்கிறீர். இது தவறானால், உம்மோடு சேவை செய்த ஒருவரின் சாட்சிக் கையெழுத்துடன் சத்தியக் கடதாசி அனுப்பவும்.’

செல்வத்துரை அந்தத் திகதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அது கொழும்பில் யாரோ விட்ட பிழை அல்ல. அவரே எழுதுவித்த பொய்.

நடந்தது இதுதான். 1943 ஒக்டோபர் பதினாலாம் திகதி, சுயஸ் கால்வாய்ப் பக்கம் போகும் பாதையில், அவருடைய பிரிவைச் சேர்ந்த ஏரம்பு என்ற சாரதி பெற்றோல் பீப்பாய்கள் ஏற்றிய லொறியோடு பள்ளத்தில் உருண்டு, தீப்பிடித்துச் செத்துப்போனான். சண்டிலிப்பாய்ப் பெடியன். கலியாணம் முடித்து எட்டு மாதம்கூட ஊரில் இருக்கவில்லை. அன்று காலையில் அவன் செல்வத்துரையிடம் வந்து சொன்னான்.

“கோப்பிறல், பிறேக் பிடிக்குதில்லை. பாத்துத் திருத்தினாப் பிறகு போறன்.”

“சும்மா கதையாதை. எடு லொறியை.”

அவ்வளவுதான். கொம்பனியின் வெள்ளைக்காரத் துரை நேரம் போகிறது என்று காலையிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்தில் சொன்ன சொல். பத்து மணிக்கு ஏரம்பு இல்லை.

விசாரணை வரும் என்று தெரிந்ததும் செல்வத்துரைக்குப் பயம் பிடித்தது. கொம்பனிக் கிளாக்கர் முத்துக்குமாரு, கொடிகாமத்துக்காரர், சிநேகிதர். இரண்டு பேருமாக அன்றைக்கே கொம்பனிப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, செல்வத்துரை இரண்டு நாளுக்கு முன்னரே பதவியை விட்டுவிட்டதாக எழுதினார்கள். அப்படியானால் லொறியை எடுக்கச் சொல்ல அங்கே ஆள் இல்லை. ஏரம்பு தன் எண்ணத்துக்கு லொறியை எடுத்து, கவனமில்லாமல் ஓட்டிச் செத்தான் என்று முடிவாயிற்று. அவனுடைய மனைவிக்கும் அப்படித்தான் கடிதம் போனது. பிறகு புதுத் துரை வந்தார். பழைய கதை தெரியாமல் செல்வத்துரைக்குத் திரும்பவும் பட்டியைக் கொடுத்தார். ஆனால் அந்தப் பக்கத்தைத் தொட இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. அது அப்படியே கிடந்தது.

செல்வத்துரை கொடிகாமம் போனார். சந்தையில் வாழைக்குலைகளுக்கு நடுவில் நின்ற முத்துக்குமாரு கடிதத்தை வாசித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தார்.

“நான் வைக்க மாட்டன்.”

“ஒரு கையெழுத்துத்தானே?”

“அந்தப் பக்கத்தைத் திருப்பாதை, செல்வத்துரை. நீ கோப்பிறல் எண்டால், அவனைப் போகச் சொன்னது ஆர் எண்டு கேப்பாங்கள்.” குலை ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டே, “அவன்ரை பெண்சாதி இன்னும் வெள்ளைச் சீலையோடை இருக்குதாம்” என்றார்.

செல்வத்துரை திரும்பி வந்தார். இரண்டு கிழமை யோசித்தார். கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டார். ஏரம்புவின் கதையைத் தொடாமல், ‘அந்தப் பதிவு கிளாக்கரின் கைப்பிழை’ என்று மட்டும் எழுதுவோம், சாட்சிக்கு யாரையாவது பிறகு பிடிப்போம் என்று முடிவு செய்தார்.

அந்தப் புதன்கிழமை காலை 11.20க்கு, சந்தியில் பெட்டிசம், மனு எழுதிக் கொடுக்கும் கிறகோரியின் அறைக்குப் போனார். ஒரு மேசை, ஒரு டைப் மெசின், வருகிறவர்கள் இருக்க ஒரு நீள வாங்கு. சுவரில் மணிக்கூடு.

கிறகோரி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “வாங்கோ. ரெண்டு பேரும் இருங்கோ.”

செல்வத்துரை திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. கிழவருக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வாங்கில் இருந்தார்.

வாங்கு சுட்டது. வெயில் படாத இடம். ஆனாலும் வெகுதூரம் ஓடி வந்து நின்ற லொறியின் முகப்பைத் தொட்டதுபோல ஒரு சூடு.

அவர் சொல்லச் சொல்லக் கிறகோரி அடித்தார். பெயர், நம்பர், கொம்பனி, கிளாக்கரின் கைப்பிழை. அவ்வளவுதான். செல்வத்துரை நிறுத்தினார்.

கிறகோரி நிறுத்தவில்லை.

டக்... டக்... டக்... டக்...

தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு, வாங்கின் மற்றப் பக்கத்துத் தொங்கலைப் பார்த்துப் பார்த்து அடித்தார். இடைக்கிடை “ஓம்... ஓம்... பிறகு?” என்றார்.

“என்ன அடிக்கிறியள்? நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

“இவர் சொல்லுறாரல்லோ. கொஞ்சம் பொறுங்கோ.”

செல்வத்துரை மெல்ல, மிக மெல்ல, பக்கத்தில் பார்த்தார்.

வாங்கு வெறுமையாக இருந்தது. ஆனால் ஒரு ஆள் இருக்கும் அளவுக்கு மணல் கொட்டிக் கிடந்தது. எங்கள் பக்கத்துச் செம்மண் அல்ல. மஞ்சள் மணல். மாவைப்போல மெல்லியது.

பெற்றோல் மணத்தது.

கிறகோரி கடதாசியை உருவி எடுத்தார். “சாட்சிக்காரர் வைச்சிட்டார். இனி நீங்கள்தான்.”

கீழே பென்சிலால் ஒரு கையெழுத்து. த. ஏரம்பு. பக்கத்தில் அவனுடைய பட்டாள நம்பர்.

மணி 12.05.

செல்வத்துரை கடதாசியைப் பறித்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

தெருவில் ஒரு குருவி இல்லை. நிழல் காலடிக்குள் ஒடுங்கிக் கிடந்தது. பனைகளில் ஒரு ஓலை அசையவில்லை. வேகமாக நடந்தார்.

பின்னால் லொறிச் சத்தம் கேட்டது.

திரும்பினார். தெரு வெறுமையாக இருந்தது.

நடந்தார். சத்தமும் வந்தது. நின்றார். அதுவும் நின்று உறுமிக்கொண்டிருந்தது... பத்து முழத் தூரத்தில்.

ஓடினார்.

வீட்டில் யாரும் இல்லை. ஐரிஸ் பள்ளிக்கூடத்தால் வர மூன்று மணியாகும். கதவைச் சாத்தி, குறுக்குத் தடியைப் போட்டு, அதில் சாய்ந்து நின்றார். 12.31.

வேலிப் படலைக்கு வெளியே லொறியின் இயந்திரம் ஓய்ந்தது.

சரக்... சரக்... சரக்...

சப்பாத்துச் சத்தம். முற்றத்தில். படியில்.

கதவுக்கு அந்தப் பக்கம்.

“கோப்பிறல்.”

செல்வத்துரை மூச்சை அடக்கினார்.

“கோப்பிறல்... உங்கடை கையெழுத்து மிச்சம்.”

அதே குரல். நாலு வருஷம் போயும் அதே பணிவு.

“ஏரம்பு...?”

“ஓம்.”

முதுகு சுட்டது. கதவுப் பலகை கொதித்தது. விலகினார்.

“அண்டைக்கு ஆர் கோப்பிறல்?”

செல்வத்துரை கையிலிருந்த கடதாசியைக் கசக்கிப் பிடித்தார்.

“ஆர்?”

“நான்தான்.”

“பிறேக் பிடிக்குதில்லை எண்டு நான் சொன்னனானோ?”

“சொன்னனி... சொன்னனி, ராசா.”

“எடு எண்டது?”

“நான்.”

“அதைத்தான் எழுதுவிச்சனான். வைச்சு விடுங்கோ.”

செல்வத்துரை நிலத்தில் குந்தினார். கடதாசியை விரித்தார். எல்லாம் அதில் இருந்தது. காலையில் ஏரம்பு வந்து சொன்னது, அவர் சொன்ன பதில், பிறகு முத்துக்குமாருவும் அவருமாகப் புத்தகத்தில் எழுதிய பொய், ஒன்றும் மிச்சம் இல்லை.

கையெழுத்தை வைத்தார்.

சரக்... சரக்... இறங்கிப் போனது.

லொறி கிளம்பியது. சந்திப் பக்கம் போகவில்லை. சண்டிலிப்பாய்ப் பக்கம் போனது.

12.44.

இதற்குப் பிறகு செய்ததைச் சொல்லத்தான் செல்வத்துரை அதிகம் வெட்கப்பட்டார். ஐரிஸ் வந்து, சாப்பிட்டு, பொழுது சாய்ந்ததும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. வெயில் தலைக்கு ஏறிய மயக்கம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கடதாசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஆனாலும் லொறி போன திசை மனதை அரித்தது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனார். மன்னிப்புக் கேட்க அல்ல. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது தெரியுமா என்று பார்க்க.

ஏரம்புவின் மனைவி சிவக்கொழுந்து தோட்டத்தில் மிளகாய்க் கன்றுகளுக்கு மண்வெட்டியால் வாய்க்கால் தண்ணீரை மாறிவிட்டுக்கொண்டிருந்தாள். அவரை அவள் முன்பு கண்டதில்லை.

“நான் ஏரம்புவோடை பட்டாளத்திலை இருந்தனான்” என்றார்.

அவள் மண்வெட்டியை வைத்தாள். “நேற்றும் ஒராள் வந்தவர், அண்ணை.”

“ஆர்?”

“தெரியாது. முகமெல்லாம் துணி சுத்தியிருந்திது. எரிகாயமாக்கும் எண்டு நான் கேக்கேல்லை. தண்ணி கேட்டார். குடுத்தன். மூண்டு செம்பு குடிச்சார்... திரும்பவும் கேட்டார்.” அவள் படலைப் பக்கம் பார்த்தாள். “எங்கடை நாய் ஆர் வந்தாலும் கடிக்கப் போகும். நேற்றுக் குரைக்கேல்லை. அவரின்ரை காலடியிலை போய்ப் படுத்திது.”

அவள் மடியிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

“இதைத் தந்திட்டுப் போனவர். என்ரை மனுசன்ரை சாமானாம். எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள் ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ.”

பட்டாளத்தார் சட்டைப் பையில் வைத்திருக்கும் சம்பளப் புத்தகம். ஓரம் கருகியிருந்தது. விரித்தபோது மடிப்பிலிருந்து மஞ்சள் மணல் கொட்டியது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரி. செல்வத்துரை வாசித்தார்.

“பதினாலாம் திகதி. பிறேக் பிடிக்குதில்லை. கோப்பிறலுக்குச் சொன்னன். போகச் சொல்லிப் போட்டார்.”

அவள் ஒரு அடி கிட்ட வந்தாள்.

“அப்ப அவரிலை பிழை இல்லை?”

“இல்லை.”

“கவனமில்லாமல் ஓடினார் எண்டு எழுதினாங்களே... ஊரெல்லாம் அப்பிடித்தானே கதைச்சது.” அவள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பிறகு கேட்டாள். “அந்தக் கோப்பிறல் ஆர், அண்ணை?”

ஓடியிருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம்.

“நான்தான், பிள்ளை.”

அவள் திட்டவில்லை. மண்ணை அள்ளி வீசவில்லை. அந்தப் புத்தகத்தை அவருடைய கையிலிருந்து வாங்கி, மணலைத் தட்டி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அவரோடு அவள் கதைத்ததில்லை.

அன்று பத்து மணிக்கே செல்வத்துரை கடதாசியைத் தபாலில் போட்டார். செப்ரெம்பரில் பதில் வந்தது. சாட்சியின் கையெழுத்தைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. ஏரம்புவின் சாவுக்கு அவன் காரணமல்ல என்று எழுதி, சிவக்கொழுந்துக்கும் ஒரு கடிதம் போயிற்று. செல்வத்துரையின் புத்தகத்தில் ‘கோப்பிறல்’ என்று திருத்தி, சிவப்பு மையால் முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். அவர் அந்த வேலைக்குப் போகவில்லை. சட்டையிலிருந்த பட்டியைத் தானே பிரித்து எடுத்தார்.

இவ்வளவும் அவர் சொல்லி முடித்தார். “அந்தச் சம்பளப் புத்தகத்தை யாரோ சிநேகிதன் ஊருக்குக் கொண்டு வந்திருக்கலாம்தானே?” என்று நான் கேட்டேன்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அந்தப் பக்கத்தை அவர் முன்பே ஒருமுறை வாசித்திருக்கிறார். 1943 ஒக்டோபர் பதினாலாம் திகதி, பின்னேரம் நாலு மணிக்கு, பிரேதத்தின் சட்டைப் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து. முத்துக்குமாருவுக்குக்கூட அவர் அதைக் காட்டவில்லை. யாரும் காணக்கூடாது என்று ஏரம்புவின் முதுகுக்குக் கீழே அதைச் செருகி, கம்பளியைச் சுற்றித் தன் கையாலேயே தைத்தார். குழியில் மண்ணைத் தள்ளி மூடியதும் அவர்தான்.